அத்தையின் சர்க்கரை இல்லாத காப்பி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் குச்சி ஐஸ் பேச்சு வராமல் போகாது. சைக்கிள் கேரியரில் வைத்த மரப்பெட்டி, அதன் மூடியை டொக் டொக்கென்று தட்டும் சத்தம், சேமியா ஐஸா பால் ஐஸா என்ற சண்டை. நக்க நக்க முழங்கை வரை வழிந்த கதையை ஆளாளுக்குச் சொல்வீர்கள். எனக்கு அந்தக் கதை கிடையாது. நான் குச்சி ஐஸைக் கடித்துத்தான் தின்றேன், பல் கூசக் கூச. எங்கள் அப்பாவும் அப்படித்தான்.

"அப்பனும் புள்ளயும் ஐஸக் கரும்பாட்டம் கடிக்கறீங்களே, பல்லு என்னத்துக்காகும்" என்று அம்மா சிரிப்பாள். அவள் மட்டும் நிதானமாக நக்கித் தின்பாள். அப்பா தபால்தலை ஒட்டும்போதும் நாக்கில் வைக்க மாட்டார். டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து ஒட்டுவார். சுத்தம் பார்க்கிறார் என்று அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. இதெல்லாம் ஏன் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை அது. எனக்கு ஒன்பது வயது. பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே வாடகை வீடு. அப்பா லேத் பட்டறையில் போர்மேன். வீட்டுக்கு வந்தால் அவர் சட்டையில் இரும்புத்தூளும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். அம்மா அப்போது மாசமாக இருந்தாள். எங்களோடு அப்பாவின் தங்கையும் இருந்தாள், என் அத்தை. முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். பம்பு மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். செம்புக் கம்பி பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகளில் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும்.

எனக்குப் பேச்சு சுத்தமாக வராது. ர, ற வராது, ல வராது, ள, ழ எதுவும் வராது. எல்லாம் ய ஆகிவிடும். ஊர்ப் பெயரை யாராவது கேட்டால் "பெயியநாயக்கன்பாயையம்" என்பேன். இத்தனை சின்ன ஊர்கள் உலகத்தில் இருக்க, இவ்வளவு நீளமான பெயருள்ள ஊரில் என்னைக் கொண்டுவந்து வைத்தவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் செய்யுள் ஒப்பித்தால் வகுப்பே சிரிக்கும். வகுப்பு டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டு, "இதுக்குப் படிப்பு ஏறாதுங்க, கைவேலை ஏதாச்சும் பழக்கி உடுங்க" என்று அம்மாவிடம் சொன்னார். கணக்கில் நான் நூறு வாங்கியதை அவரும் பார்க்கவில்லை, அந்த நேரத்தில் அம்மாவுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

வைத்தியம் நடக்காமல் இல்லை. வசம்பை விளக்கில் சுட்டு, கரியைத் தேனில் குழைத்து, நாக்கில் தேய்ப்பார்கள். அந்தக் கசப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது. கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு பேசச் சொன்னார்கள். அது ஒன்றுதான் எனக்குப் பிடித்த வைத்தியம். ஆனால் ஒருவர் கூட என் நாக்கைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. காரணம்தான் எல்லாருக்கும் முன்னமே தெரியுமே.

காரணம், அத்தை.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம். யார் சேனை வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்குச் சேனை வைத்தது அத்தை. அத்தை பேச மாட்டாள். பேசினால் நாலு வார்த்தை, அதுவும் தரையைப் பார்த்து. ஆகவே அவள் வாயில்லாத்தனம்தான் எனக்கு வந்துவிட்டது என்று உறவில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். விசேஷ வீடுகளில் நான் வாயைத் திறந்தால் போதும், "இதுக்கு ஆரு சேனை வெச்சது?" என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் அத்தை இருக்கும் திசையில் கண்ணைக் காட்டுவார். அப்பாவே சொல்வார்: "எல்லாம் அவ சேனை வெச்ச நேரம்." அத்தை காதில் விழும்படித்தான் சொல்வார்.

அத்தைக்கும் என்னைப் போலத்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். கடைசி பெஞ்சுக்காரிக்குக் காது கூர்மை. அத்தை பேசாதவள் இல்லை, வார்த்தை பொறுக்கிப் பேசுகிறவள். வராத எழுத்து உள்ள வார்த்தை எதிரே வந்தால் ஒதுங்கி வேறு பக்கம் போய்விடுவாள். கதவைத் திற என்று சொல்லவே மாட்டாள். "கதவை நீக்கு கண்ணு" என்பாள். சோறு என்று சொல்லாமல் சாதம் என்பாள். எங்கள் ஊரில் எல்லாரும் சக்கரை என்றால் அவள் மட்டும் தெற்கத்திக்காரி மாதிரி சீனி என்பாள். அதைச் சொல்லி அம்மா கேலி செய்தால் சிரித்துக்கொள்வாள். எந்த வார்த்தையும் கிடைக்காதபோது சும்மா இருந்துவிடுவாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

ஒரு தடவை காந்திபுரத்திலிருந்து நானும் அவளும் பஸ்ஸில் வந்தோம். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். அத்தை சில்லறையை நீட்டிக்கொண்டு பேசாமல் இருந்தாள். வழக்கமாக அந்தச் சில்லறையை வைத்தே ஊரைத் தெரிந்துகொள்வார்கள். இவர் புதிது. மறுபடி கேட்டார். அத்தை கழுத்து வியர்த்ததைப் பார்த்து நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"எந்தப் பாயிங்க கண்ணு? கோரப் பாயா, ஜமுக்காளமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. பின்னாலிருந்து ஒரு அம்மா, "பாவம், அந்தம்மா ஊமைங்க, புள்ளையும் அப்பிடியாட்ட இருக்குது" என்றார். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தோம்.

பள்ளிக்கூடம் லீவு விட்ட வாரம் தங்கச்சிப் பாப்பா பிறந்தாள். அதற்கு மாதக்கணக்கில் முன்னேற்பாடு நடந்திருந்தது. இந்தப் பிள்ளைக்காவது நல்ல வாய்க்காரராகப் பார்த்துச் சேனை வைக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். வெள்ளகோவிலிலிருந்து பெரியப்பா வரவழைக்கப்பட்டார். அம்மாவின் அக்கா வீட்டுக்காரர், மைக் செட் வைத்திருப்பவர். அந்த வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் காணாமல் போன பிள்ளைகளை எல்லாம் அவர் குரல்தான் கூப்பிட்டுச் சேர்க்கும். வீட்டுக்குள் பேசினாலும் நாலு ஸ்பீக்கர் கட்டின மாதிரி இருக்கும்.

அன்றைக்கு அப்பா அத்தையிடம் சொன்னார்: "அம்மணி, நீ இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். சேனை வெச்சு முடிச்சு நாளைக்கி வந்து பாத்துக்கலாம்."

அத்தை தலையாட்டினாள். அப்பா போனதும் அவள் அடுப்படியில் காப்பி போட்டாள். எனக்குச் சர்க்கரை போட்டு, தனக்குப் போடாமல். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தை சர்க்கரை இல்லாமல்தான் காப்பி குடிப்பாள். ஐஸ் தின்ன மாட்டாள், பாயசத்தைத் தொட மாட்டாள், தீபாவளிக்குக்கூட முறுக்கு மட்டும்தான். இனிப்பு பிடிக்காது என்று வீட்டில் எல்லாரும் சொல்வோம். அன்றைக்கு ஏனோ, ஏன் அத்தே என்று கேட்டேன்.

"நான் வெச்ச சீனித்தண்ணி உன் நாக்கைக் கட்டிப்போட்டுது கண்ணு" என்றாள். "உன் பேச்சு சுத்தமாகட்டும், அப்பத்தான் சீனி திம்பேன்னு சாமிகிட்ட நேந்துக்கிட்டேன்."

அழவில்லை. பட்டறைக்கு நேரமாகிவிட்டது போல டம்ளரைக் கழுவி வைத்தாள். நான் என் காப்பியைக் குடிக்காமல் தள்ளி வைத்தேன். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு அவள் வருத்தப்படுகிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவளும் அதை நம்பினாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரியப்பா சேனை வைத்த பாப்பாவுக்குப் பத்து நாளாகியும் எடை ஏறவில்லை. ஒரு மணி நேரம் பால் குடிக்கும், உடனே மறுபடி அழும். குடிக்கும்போது டக் டக்கென்று ஒரு சத்தம் வரும். அம்மாவுக்கு மார்க்காம்பு வெடித்து ரத்தம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பாள். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் பால் பத்தவில்லை என்றார்கள். பூண்டு தின்னச் சொன்னார்கள், சுறாக் குழம்பு வைக்கச் சொன்னார்கள். பவுடர் பால் டப்பா வந்தது. அம்மா அந்த டப்பாவைப் பார்த்துப் பார்த்து அழுதாள். ஊருக்கே கேட்கிற தொண்டை வருமென்று பார்த்தால், பாப்பாவின் அழுகை நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டு வந்தது.

அம்மாவையும் பாப்பாவையும் அப்பா டவுனில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா பாப்பாவின் வாயில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு நாக்கைத் தூக்கி டார்ச் அடித்தார்.

"இங்க பாருங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டார். "நாக்குக்கு அடியில இந்தச் சவ்வு எல்லாருக்கும் இருக்கறதுதான். பாப்பாவுக்கு அது நுனி வரைக்கும் வந்து கீழே இழுத்துப் புடிச்சிருக்கு. நாக்கை நீட்ட முடியல, அதனால பாலை இழுக்க முடியல. அம்மாவுக்குப் பாலெல்லாம் இருக்குதுங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பாவுக்குச் சேனைதான் ஞாபகம். "நல்லாப் பேசற ஆளு கையிலதாங்க சேனை வெச்சோம்..." என்று இழுத்தார்.

"சேனைக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லீங்க. வயித்துக்குள்ள இருக்கறப்பவே வந்தது. சில குடும்பத்துல வழிவழியாவும் வரும். உங்க வீட்ல வேற யாருக்காச்சும் இருக்குங்களா?"

நான் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன். அது மேலே போகாது. நுனி இரண்டாகப் பிளந்த மாதிரி நடுவில் குழிந்துகொள்ளும். டாக்டரம்மா என்னையும் பார்த்தார், அப்பாவையும் பார்த்தார். "நீங்களும் கொஞ்சம் நீட்டுங்க" என்றார்.

போர்மேன் ஒருவர் வேற்று மனிதர்கள் முன்னால் நாக்கை நீட்டுவது லேசான காரியம் இல்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று நீட்டினார். உதட்டைத் தாண்டி வரவில்லை. நடுவில் அதே குழி.

எனக்கு ஐஸ் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு எது ஞாபகம் வந்ததோ, "அப்ப அந்த ஸ்டாம்பு..." என்றாள். அப்பா முகத்தில் அன்றைக்கு வந்த நிறத்தை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

"உங்களுக்குப் பேச்சு நல்லா இருக்குது, விட்டுடலாம்" என்றார் டாக்டரம்மா. "சவ்வு இருந்தாலே வெட்டோணும்னு ஒண்ணும் இல்லீங்க. கஷ்டம் இருக்கறவங்களுக்குத்தான்."

பாப்பாவுக்கு அங்கேயே, ஒரு துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சின்னக் கத்தரியால் ஒரு வெட்டு. இரண்டு சொட்டு ரத்தம். உடனே அம்மா மடியில் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா தலையைத் தூக்கி, "வலிக்கவே இல்லீங்க" என்றாள். டக் டக் சத்தம் நின்றிருந்தது.

கிளம்பும்போது நான் அப்பாவுக்கு முந்திக்கொண்டு, "எங்க அத்தைக்கும் இப்பிடித்தான்" என்று என் பாஷையில் சொன்னேன்.

மறுநாள் அப்பா அத்தையிடம், "அம்மணி, நல்ல சேலையாக் கட்டிட்டு வா, டவுனுக்குப் போகோணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இன்னொரு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று நினைத்து, அவள் பூ வைத்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா அவள் நாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா யாருமே பாக்கலீங்களா?" என்றார். பிறகு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். அத்தை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப, நான் வெச்ச சீனித்தண்ணிங்க?"

"சீனித்தண்ணிக்கு என்னங்க தெரியும்?" என்றார் டாக்டரம்மா. "பொறந்த புள்ளைக்கு அதைக் குடுக்காம இருக்கறது நல்லது, தாய்ப்பால்தான் முதல்ல குடுக்கோணும். அது வேற விஷயம். ஆனா உங்க கையில ஒரு தப்பும் இல்லீங்க."

அத்தை அழுதாள். தலையில் வைத்த மல்லிகை உதிர உதிர அழுதாள். அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சேனை வைக்க அத்தையைத் தேர்ந்தெடுத்ததே அப்பாதான் என்று பல வருடம் கழித்து அம்மா சொன்னாள். 'நல்ல அடக்கமான குணம், அவளே வெக்கட்டும்' என்றாராம். ஒன்பது வருடப் பழியில் அந்தச் சங்கதியை அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை. அவர் நல்ல அப்பா. இருந்தாலும் அதை என்னால் இன்றைக்கும் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த மாதமே எனக்கும் அத்தைக்கும் சவ்வை விடுவித்தார்கள். எங்களுக்குப் பாப்பாவைப் போல ஒரு நொடியில் ஆகவில்லை. மரத்துப் போக ஊசி, அப்புறம் தையல், நாலு நாள் ஆறிய கஞ்சி. வெட்டியதும் பேச்சு வந்துவிடும் என்று நினைத்த எனக்குப் பெரிய ஏமாற்றம். அப்போதும் ஊர் பாயையமாகவே இருந்தது. இத்தனை வருடம் கட்டிப் போட்ட நாக்குக்குப் போகும் இடம் தெரியாது, பழக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பழகாவிட்டால் சில சமயம் மறுபடி ஒட்டிக்கொள்ளவும் செய்யும் என்று பயமும் காட்டினார்.

சாயங்காலம் அத்தை பட்டறையிலிருந்து வந்ததும் பயிற்சி. பீரோக் கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் உட்காருவோம். மேலுதட்டில் இனிப்பு ஏதாவது தடவி நாக்கால் எட்டி நக்க வேண்டும். என் உதட்டில் அத்தை நாட்டுச் சர்க்கரையை ஒட்டுவாள். அவள் உதட்டில் தயிர்.

"அத்தே, இனி திங்கயாமே, டாக்டயம்மா சொன்னாங்கயே" என்பேன்.

"நேந்தது நேந்ததுதான் கண்ணு" என்பாள்.

அவள் கையில் தப்பில்லை என்று தெரிந்தாயிற்று. ஆனால் என் பேச்சு சுத்தமாகவில்லையே. சாமிக்குக் கொடுத்த வாக்கு அதுதானே. அதற்கப்புறம் எனக்குப் பரீட்சைக்குக்கூட இல்லாத வெறி வந்துவிட்டது. நாக்கு நுனியை அண்ணத்தில் ஒட்டி டொக்கென்று எடுப்பேன். மொபெட் கிளம்புவது போல ர்ர்ர் என்று விடப் பார்ப்பேன். வெறும் காற்றுதான் வரும். பாப்பா என்னைப் பார்த்து, அந்த வயதிலேயே, நாக்கை நீளமாக நீட்டுவாள். அத்தைக்கு ல வந்தது, ள வந்தது. ர பாதிதான். ஆனால் அவள் சாப்பிடும்போது உதட்டோரத்தில் ஒட்டியதை நாக்காலேயே எடுப்பதை ஒரு நாள் பார்த்தேன். அவளும் கவனித்திருக்க வேண்டும். நாக்கால் அதே இடத்தை மறுபடி ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

பள்ளிக்கூடம் திறந்து ஆடி மாதமும் வந்துவிட்டது. காற்று அப்படி அடிக்கும், சந்துக் கதவுகள் எல்லாம் தாமாகவே அடித்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பாப்பாவைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அத்தை காப்பி டம்ளரோடு அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக நான் போர்வைக்குள்ளும் பள்ளிக்கூடம் போகும் வழியிலும் யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து கரண்டியோடு அவள் முன்னால் போய் நின்றேன்.

"அத்தே, சக்கரை போடட்டுங்களா?"

ரை வந்தது. கொஞ்சம் அதிகமாகவே உருண்டு வந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்பாவின் பேப்பர் அசையவில்லை. அத்தை என் வாயையே பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினாள். நான் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினேன்.

அப்பா பேப்பரை இறக்காமலே சொன்னார்:

"இன்னொரு கரண்டி போடு கண்ணு."